பிச்சாவரமா, தரங்கம்பாடியா, கோடியக்கரையா: இரண்டு ராத்திரிக்கு எங்கே தங்குவது?

"அண்ணி, பொங்கல் லீவுல அங்க வர்றோம். ரெண்டு ராத்திரி, மூணு பகல். பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை, முத்துப்பேட்டை எல்லாம் பார்த்துடலாம்ல? மேப்ல பார்த்தா எல்லாம் ஒரே கோட்டுல இருக்கு."

கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் போன வாரம் கேட்டாள். வருவது ஐந்து பேர். அவள், அவள் வீட்டுக்காரர், பதின்மூன்று வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், எழுபத்து நான்கு வயதில் முழங்கால் வலியோடு இருக்கும் அவள் மாமனார். மேப் பொய் சொல்லவில்லை. பிச்சாவரத்திலிருந்து கோடியக்கரை வரை சாலை வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் காரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் போய்ச் சேர்வது வேறு, பார்ப்பது வேறு.

நான் மயிலாடுதுறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகிறது. வந்த புதிதில் நாத்தனார் இப்போது போட்டிருக்கும் அதே திட்டத்தை நாங்களும் போட்டோம், அதுவும் மே மாதத்தில். பிச்சாவரத்துக்குப் பதினொரு மணிக்குப் போனோம். தரங்கம்பாடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கியபோது கோட்டை வாசல் மணலில் பிள்ளைகளால் கால் வைக்க முடியவில்லை. மறுநாள் கோடியக்கரை போய்ச் சேரும்போது நண்பகல். ஒரு மானும் இல்லை, ஒரு பறவையும் இல்லை. காய்ந்த புல்லும் சீமைக்கருவேல மரங்களும்தான் இருந்தன. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, எத்தனையோ விருந்தாளிகளோடு இந்த ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது இதுதான். இந்தக் கரைக்கு விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரையும், சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரையும்தான் நேரம். மான் மேய வருவது அப்போது. அலைமேல் வெளிச்சம் சாய்வதும், மீன் கரைக்கு வருவதும், வயதானவர்கள் காலாற நடக்க முடிவதும் அப்போதுதான். இடைப்பட்ட எட்டு மணி நேரம் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் போய்விடும். ஆக, ஒரு ஊரில் ராத்திரி தங்கினால் அந்த ஊரின் ஒரு சாயங்காலமும் ஒரு விடியலும் கிடைக்கும். இரண்டு ராத்திரி என்றால் இரண்டு ஊர். ஆறு ஊர் என்பது ஆறு மத்தியானம்.

அதனால் நாத்தனாரிடம் கேள்வியையே மாற்றச் சொன்னேன். எதையெல்லாம் பார்ப்பது என்று கேட்காதே, எந்த இரண்டு ஊரில் படுத்து எழுந்திருப்பது என்று கேள். படுக்க மூன்று இடங்கள் உண்டு: வடக்கே சிதம்பரம், நடுவில் தரங்கம்பாடி, தெற்கே வேதாரண்யம். இதில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

சிதம்பரத்தில் தங்கினால்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, இரண்டு ஆறும் கடலோடு கலக்கும் உப்பங்கழியில் வளர்ந்த காடு. பரப்பு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. அலையாத்திக் காடு என்று பெயர் வைத்தவர் யாரோ, அதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைக்க முடியாது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பித்தன, காடில்லாத கரையில் இருந்தவை அழிந்தன.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, துடுப்புப் படகில் போவது. மோட்டார் படகும் உண்டு. வேகமாகப் போகும், நிறைய தூரம் சுற்றும். ஆனால் அகலமான கால்வாயில்தான் போகும். துடுப்புப் படகு மட்டும்தான் மரங்கள் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையும். உள்ளே போனதும் வெளிச்சம் பச்சையாகிவிடும். சுரபுன்னையின் ஊன்று வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். அதன் காய் கிளையில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். கீழே விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று அங்கேயே மரமாகும். படகோட்டி ஒன்றைப் பறித்து என் பெண்ணின் கையில் கொடுத்துக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. உயிரியல் பாடத்தில் நாலு பக்கம் படித்ததைவிட அது அவளுக்கு மறக்காமல் நின்றது.

ஆழம் பல இடங்களில் இடுப்பளவுதான். இருளர் பெண்கள் கழுத்தளவு குனிந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. படகில் போகிறவர்கள் செல்போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர்கள் அங்கே பிழைப்புக்கு நிற்கிறார்கள். படம் எடுப்பதென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

சிதம்பரத்தில் தங்குவதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நடராஜர் கோயிலின் தல விருட்சமான தில்லை, ஊருக்குள் இன்று காடாக இல்லை. பிச்சாவரத்தில்தான் இருக்கிறது. காலையில் தில்லையைப் படகிலிருந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் தில்லைக் கூத்தனைப் பார்க்கலாம். மரத்தைத் தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஓட்டல்களுக்கும் அறைகளுக்கும் சிதம்பரத்தில் குறைவில்லை, ரயில் வசதியும் உண்டு. பிள்ளைகளுக்கு மூன்றிலும் சட்டென்று பிடிப்பது இதுதான். ஆனால் இரண்டு குறைகள். படகில் ஏறி இறங்குவது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். அதைவிடப் பெரியது, பொங்கல் லீவு. காணும் பொங்கலன்று படகுத்துறையில் வரிசை எங்கேயோ போய் நிற்கும். காட்டுக்குள் நுழைந்தால் கேட்க வேண்டியது துடுப்புச் சத்தமும் மீன்கொத்தியின் குரலும். அன்றைக்குக் கேட்பதெல்லாம் பக்கத்துப் படகின் பாட்டு.

தரங்கம்பாடியில் தங்கினால்

எனக்குப் பக்கத்து ஊர் என்பதால் பாசம் இருக்கலாம். இருந்தாலும் நியாயமாகவே சொல்கிறேன், வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு இதைப்போல ஊர் இந்தக் கரையில் வேறு இல்லை. மொத்த ஊரும் ஒரு தெரு. பழைய நகர வாசலில் இறங்கினால் ராஜ வீதி வழியாகக் கடல் வரைக்கும் கால்மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். மேடு பள்ளம் இல்லை. ஓய்ந்து உட்கார இடம் உண்டு.

அந்த ஒரு தெருவில் அடங்கியிருக்கும் காலம்தான் நம்ப முடியாதது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து கொடுத்த இடம் இது. பொற்தகட்டில் எழுதிய அவருடைய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கட்டிய கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர். மிளகு வாங்க வந்தவர்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள், வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு.

ஆனால் எனக்கு இந்த ஊர் முக்கியமாவது மிளகால் அல்ல. 1706 ஜூலை 9ஆம் தேதி இருபத்து மூன்று வயதில் கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். சில வருஷத்தில் அச்சுப்பொறி வந்தது, தமிழ் எழுத்து வார்த்தார்கள், காகிதமும் பக்கத்துப் பொறையாற்றிலேயே செய்யப் பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. நாத்தனாரின் பெண் தமிழ் நாவலாக வாசித்துத் தள்ளுகிறவள். அவளை 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்க்கின் கல்லறை முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. முப்பத்தாறு வயதில் இறந்துபோனார் அவர்.

கோட்டைக்கு வடக்கே அலையடிக்கும் இடத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது, எழுநூறு வருஷத்துக்கும் மேல் வயது. கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். விடியலில் அந்தக் கற்களில் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலையும் கல் இடுக்கில் புகுந்து உறிஞ்சிக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்கும். மத்தியானம் வந்து போகிறவர்கள் காதில் அது விழாது, டூரிஸ்ட் வேன் ஹாரன்தான் விழும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேன்கள் கிளம்பிவிடும். அதற்கப்புறம் ஊர் அங்கே தங்குகிறவர்களுடையது.

2004 டிசம்பர் 26 இந்த ஊரையும் உலுக்கியது. பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மயிலாடுதுறை அப்போது அதே மாவட்டம்தான். இங்கே கரையோரம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் வருஷத்தைச் சுனாமிக்கு முன்னே, சுனாமிக்குப் பின்னே என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடலைப் பார்த்துக் கூச்சல் போடும் வயசுதான். ஆனால் கரையில் வலை பின்னும் தாத்தாவிடம் மரியாதையாக நிற்கத் தெரிய வேண்டும்.

குறை என்றால் அறைகள் கொஞ்சம்தான். பழைய பங்களாக்களைப் புதுப்பித்த ஓட்டல் விலை அதிகம், சாதாரண விடுதி எண்ணிக்கையில் குறைவு. ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே காரைக்காலில் தங்கி, விடியுமுன் கிளம்பி வரலாம், ஆனால் அது பாதிதான். கடலில் இறங்கிக் குளிக்கவும் முடியாது, பாறையும் சுழலும் உண்டு. சொல்லப்போனால் பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை நிம்மதியாகப் பிள்ளைகளை அலையில் விடக்கூடிய இடம் என்று எதையும் நான் சொல்ல மாட்டேன். கடலில் குளிக்கத்தான் வருகிறோம் என்பவர்களுக்கு இந்தக் கரை தோதுப்படாது.

இங்கே தங்குகிறவர்களுக்குத் திருக்கடையூர் கூப்பிடு தூரம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று காலையில் மாலையும் கழுத்துமாக இருபது ஜோடித் தாத்தா பாட்டிகளை ஒரே பிராகாரத்தில் பார்க்கலாம். முகூர்த்த நாளில் உள்ளே போக முடியாது, பார்த்துப் போங்கள்.

பூம்புகாரை வடக்கேயிருந்து வரும் வழியில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்தால் போதும். இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பட்டினத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதைத் தேடுவார்கள். அது இல்லை. 1973இல் கட்டிய ஏழு நிலை மாடமும் அதற்குள் கண்ணகி கதையின் சிற்பங்களும் உண்டு. கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் உண்டு, இவைதான் நிஜமான பழைய பூம்புகார். ஆனால் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. மற்றபடி, குடகில் புறப்பட்டு 800 கிலோமீட்டர் ஓடி வந்த காவிரி ஒரு சின்ன வாய்க்கால் அளவில் கடலில் சேரும் இடத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். டெல்டாக்காரர்களுக்கு அது தாயின் காலடி. ஆடிப் பதினெட்டிலும் தை அமாவாசையிலும் கூட்டம் நெரியும்.

வேதாரண்யத்தில் தங்கினால்

இந்தத் தடவை நான் அடித்துச் சொன்னது இதைத்தான். காரணம் மாதம். தை பிறக்கும் நேரத்தில் கோடியக்கரையை விட்டுவிட்டு வேறெங்கே போனாலும், பந்தியில் உட்கார்ந்து ஊறுகாயை மட்டும் தின்றுவிட்டு எழுந்த மாதிரி.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை 11, 12 கிலோமீட்டர். 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் பாக் நீரிணை, ஒரு பக்கம் வங்காள விரிகுடா, நடுவே கடற்கரை நிலம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூக்கின் மேல் உலர்ந்த பசுமைமாறாக் காடு, புல்வெளி, சதுப்பு, உப்பளம் நான்கும் அடுத்தடுத்து. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பும் உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் இறங்க இதைவிட நல்ல இடம் எது?

பூநாரை வருவது ஐப்பசி, கார்த்திகையில். மாசி வரைக்கும் இருக்கும். முழங்கால் அளவுக்கும் கீழே தண்ணீர் நிற்கும் சதுப்பில் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகாலேயே தண்ணீரை வடிகட்டித் தின்னும். இந்தக் காரணத்தால்தான் சில வருஷம் கண்ணுக்கு எட்டாமல் போய்விடுகின்றன. மழை அதிகமாகி ஆழம் கூடினால் அவற்றுக்குக் கால் எட்டாது, வேறு பக்கம் போய்விடும். மழை குறைந்து சதுப்பு காய்ந்தாலும் அதே கதை. எனவே கிளம்புவதற்கு முன்தினம் வனத்துறை ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், "தண்ணி எப்படி நிக்குது?" என்று. பறவை இருக்கிறதா என்ற கேள்வியைவிட அதுதான் சரியான கேள்வி.

மான் அப்படி ஏமாற்றாது. விடிந்தும் விடியாத நேரத்தில் புல்வெளி ஓரம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, பேசாமல் பத்து நிமிஷம் இருங்கள். முதலில் வெளிறிய பழுப்பில் பெட்டைகள் தெரியும். பிறகு கலைமான், முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு திருகித் திருகி மேலே போகும். பனி இன்னும் புல்லில் இருக்கும். அது தலையைப் பின்னால் சாய்த்து, கொம்பு முதுகைத் தொடும்படி நடந்து வரும் நடை இருக்கிறதே, ஒரு ராஜா தன் வயலைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி. என் மாமியாரை இரண்டாம் தடவை மார்கழியில் கூட்டிப்போனபோது வண்டிக்குள்ளிருந்தே இதைப் பார்த்தார். மே மாதம் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் அந்தக் கலைமானைப் பற்றித்தான் பேச்சு. இறங்கி நடக்க முடியாதவர்களுக்கும் இந்தக் காட்சி கிடைக்கும் என்பதால்தான் நாத்தனாரின் மாமனாரை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றேன். காட்டில் திரியும் குதிரைகளையும் பையன் பார்ப்பான். வளர்த்தவர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போனவற்றின் வாரிசுகள்.

கோடியக்காட்டில் குழகர் கோயில். சுந்தரர் வந்தபோது சுற்றிலும் காடும் காற்றும் தவிர ஒன்றும் இல்லை. இப்படிக் கடற்கரையில் தன்னந்தனியாக இருக்கிறீரே, பக்கத்தில் குடிசனம் இருந்தால் குற்றமா என்று சுவாமியிடமே கேட்டுப் பாடினார். இன்றைக்கும் சாயங்காலக் காற்றில் அந்த வாசலில் நின்றால் அவர் ஏன் கேட்டார் என்று புரியும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நேராக இந்த மூக்கின் மேல்தான் ஏறியது. மானும் பறவையும் மாமரமும் தென்னையும் கணக்கில்லாமல் போயின. காடு திரும்பத் தழைத்தது. மா, தென்னை வைத்திருந்த குடும்பங்கள் மீண்டு வரத்தான் ரொம்ப நாளானது.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. தையில் வந்தால் போன பருவத்து உப்பு ஓலை போர்த்திய குவியல்களாக நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் குடிசைகள் வரிசையாக இருப்பது போலவே இருக்கும். நான் ஒரு பங்குனியில் விடிகாலை அங்கே நின்றிருக்கிறேன். பாத்தியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அதன் மேல் வெள்ளை ஏடு கட்டியிருந்தது. நீளக் கழியில் பலகை கோத்த வாரியை ஒரு அக்கா தன் பக்கம் இழுக்க இழுக்க, ஏடு நொறுங்கும் சத்தம், அப்பளம் உடைவது போல. வரப்போரம் உப்பு சேர்ந்தது. முதலில் பழுப்பாக இருந்தது, தண்ணீர் வடிய வடிய வெளுத்தது. அவருடைய பாதத்தைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. "வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்மா, அப்புறம் கண்ணைத் திறக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து வீட்டில் உப்பு ஜாடியைத் திறக்கும்போது அந்தக் கால் நினைவுக்கு வராத நாள் குறைவு.

இதே மண்ணில்தான் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளினார். ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கியவர். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தான் சவரம் செய்துகொண்டிருக்கும் ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் முன்னால் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த இரண்டு கதை போதும், தேதிகளை அவர்களே தேடிப் படித்துக்கொள்வார்கள்.

குறைகளைச் சொல்கிறேன். வேதாரண்யத்தில் விடுதிகள் எளிமையானவை, கழிவறையைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள். கோடியக்கரையில் வனத்துறை விடுதி உண்டு, ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் போய் நிற்கக் கூடாது. வசதி முக்கியம் என்றால் வேளாங்கண்ணியில் எத்தனையோ விடுதிகள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து கோடியக்கரைக்கு விடியலில் போய்ச் சேர நாலரைக்கே கிளம்ப வேண்டும், பையன் எழுந்திருப்பானா? ரயிலில் வருகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023இல் மீண்டும் ரயில் விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு மீன் குழம்பு எங்கேயும் கிடைக்கும். பனிக்காலத்தில் வெளியூர் மீனவர்கள் கோடியக்கரையில் வந்து குடிசை போட்டுத் தொழில் செய்வார்கள், அதனால் அப்போது மீனுக்குப் பஞ்சமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது வருகிறவர்கள் மீனுக்காக ஏங்கக் கூடாது. வழியில் நாகூரில் தர்காவைப் பார்த்துவிட்டு இறால் வைத்த வாடா என்ற பலகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், சூடாகத் தின்ன வேண்டும்.

முத்துப்பேட்டையை இந்தத் தடவை வேண்டாம் என்றேன். அதுவும் அலையாத்திக் காடுதான், பிச்சாவரத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் அனுபவம் வேறு. அங்கே பெரும்பாலும் வெண்கண்டல், தலைக்கு மேல் குகை கட்டாது. ஜாம்பவானோடையிலிருந்து கோரையாற்றில் படகு போய்க்கொண்டே இருக்கும், கரை விலகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் காடு இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஏரி மாதிரி அகன்ற காயல் திறக்கும். அந்தத் திறப்புக்காகவே போகலாம். வனத்துறை அனுமதி, படகு ஏற்பாடு, அரை நாளுக்குக் குறையாத நேரம், தலைக்கு மேல் நிழலில்லாத வெயில், எல்லாம் சேர்ந்து தாத்தாவுக்கு ஆகாது. பெரியவர்கள் மட்டும் நாலு பேர் சேர்ந்து மாசியில் வாருங்கள், நானும் வருகிறேன்.

கடைசியில் முடிவானது

"அப்ப பிச்சாவரம் இல்லையா?" பின்னாலிருந்து பையன் குரல். அதுதான் கஷ்டம். ஒரே ராத்திரி என்றிருந்தால், பிள்ளைகளுக்காகச் சிதம்பரம் என்றே சொல்லியிருப்பேன். ஆடி, ஆவணியில் கேட்டிருந்தால் சிதம்பரமும் தரங்கம்பாடியும். அப்போது கோடியக்கரையில் மான் உண்டு, பறவை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கேட்டிருந்தால் புயல் செய்தி பார்த்துவிட்டு அப்புறம் போன் செய் என்றிருப்பேன். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்தப் பதினொரு நாளும் நாகப்பட்டினம் சாலையில் நடந்து வரும் பக்தர்களின் ஊர்வலம்தான், அது தனி அழகு, சுற்றிப் பார்க்க ஏற்ற நேரமல்ல. ஆனால் இவர்கள் வருவது தையில். பிச்சாவரத்துச் சுரபுன்னை மே மாதத்திலும் அங்கேயே வேர் ஊன்றி நிற்கும், பூநாரை நிற்காது.

ஆக, முதல் நாள் மாட்டுப் பொங்கல் மத்தியானம் மயிலாடுதுறையில் எங்கள் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் தரங்கம்பாடி. காணும் பொங்கலன்று விடியலில் கோயில் பக்கம் கல்லில் உட்கார்ந்துவிட்டு, ஆலயத்தையும் கோட்டையையும் பார்த்து, பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அன்றைக்குத்தான் கடற்கரையெங்கும் கூட்டம் சேரும், நாம் தெற்கே போய்க்கொண்டிருப்போம். நாகூரில் நிறுத்தி, வேதாரண்யத்தில் அறை போட்டு, நாலு மணிக்குச் சதுப்பு. மூன்றாம் நாள் விடிகாலை மான், அப்புறம் உப்பளம், திருத்துறைப்பூண்டி வழியாகத் தஞ்சாவூர், கோயம்புத்தூர். பையனுக்கு மட்டும் கோடை லீவில் தனியாக என்னோடு ஒரு வாரம், பிச்சாவரத்தில் காலை முதல் படகு. அவன் ஒப்புக்கொண்டான்.

தரங்கம்பாடியில் அறை சொல்லியாயிற்று. நாத்தனாரிடம் மூன்று சாமான் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் பைனாகுலர் இருந்தால் அது, சேற்றில் போனால் போகட்டும் என்று பழைய செருப்பு, தாத்தாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. கோட்டை மதிலோரம் காற்று முகத்தில் அடிக்காத ஒரு இடம் எனக்குத் தெரியும். அங்கே போடலாம்.